மேலூர்க்காரர் எழுதிய 'அம்மா'

ஒரே ஒரு சொல்லை மாற்றியதற்காக மேலூருக்குப் பஸ் ஏறிப் போய் ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அந்தச் சொல் 'அம்மா'.

மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு மாடி அறையிலிருந்து நாங்கள் சிலர் ஒரு மாத இதழ் நடத்துகிறோம். இடதுசாரி அரசியல் இதழ். அதில் ஒளிவு மறைவு கிடையாது. எல்ஐசி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் ஆசிரியர் குழுவுக்கு வந்தேன். சில வருடங்களுக்கு முன்பு, வேறு கட்சிக்காரர்களும் எழுதலாம் என்று முடிவு செய்தோம். அந்த முடிவை எடுக்க ஒரு மாலை போதுமானதாக இருந்தது. அதை ஒழுங்காகச் செய்யக் கற்றுக்கொள்ளத்தான் வருடக்கணக்கானது. இதே மாதிரி முயற்சியில் இறங்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்பதால் எழுதுகிறேன்.

முதலில் மேலூர்க்காரர் கதை. அவர் அதிமுகவில் முப்பது வருடத்துக்கு மேல் இருப்பவர். வருடத்துக்கு ஒரு சாகுபடிக்கு மட்டும் தண்ணீர் கிடைக்கும் ஒருபோகப் பாசனத்தில் நிலம் வைத்திருக்கிற விவசாயி. பெரியாறு கால்வாய்த் தண்ணீரைப் பற்றி எங்களுக்கு ஒரு கட்டுரை தந்தார். கோடு போட்ட நோட்டுத் தாளில் ஆறு பக்கம், ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. அதில் ஒரு வரி: 'அம்மா ஆட்சியில் 2014 மே மாதம், அணையில் 142 அடி தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது எங்கள் ஊரில் வெடி வெடித்தோம்.'

எங்கள் இதழில் எந்தத் தலைவரையும் பட்டப்பெயரால் எழுதுவதில்லை. கலைஞர் என்று வந்தால் கருணாநிதி ஆக்குவோம், தளபதி என்று வந்தால் ஸ்டாலின். அந்தப் பழக்கத்தில் ப்ரூஃப் பார்க்கும்போது 'ஜெயலலிதா ஆட்சியில்' என்று திருத்திவிட்டுப் பக்கத்தைப் புரட்டினேன். சில நொடி வேலை.

இதழ் வெளிவந்து நாலாவது நாள் போன் வந்தது. எப்போதும் என்னைத் "தோழர்" என்று கூப்பிடுகிறவர் அன்றைக்கு "சார்" என்றார். "சார், நான் எழுதினதுல ஏன் சார் கை வச்சீங்க?" அதற்கு மேல் அவர் பேசவில்லை. மறுநாள் காலை மேலூர் போனேன். பஸ் நிலையம் பக்கத்து டீக்கடையில் வைத்துத்தான் முழு விஷயமும் தெரிந்தது. அவர் கட்சி ஆட்கள் இதழை விரித்து, அந்த வரியில் விரலை வைத்து, "கம்யூனிஸ்ட் பத்திரிகையில எழுதப் போனதும் அம்மா பேரையே சொல்ற அளவுக்கு வந்துட்டியா?" என்று நாலு பேர் நடுவில் கேட்டிருக்கிறார்கள். தன் ஊரில், தன் கட்சியில், முப்பது வருடமாகச் சேர்த்த மரியாதையில் ஒரு கீறல். அதைப் போட்டது என் சிவப்புப் பேனா.

"மாத்தணும்னா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல அண்ணே, நானே வேற மாதிரி எழுதியிருப்பேன்" என்றார். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். கோபத்தைவிட அவர் முகத்தில் இருந்த சங்கடம்தான் என்னை உலுக்கியது.

அடுத்த இதழில், அவர் கட்டுரை வந்த அதே பக்க எண்ணில், அதே எழுத்தளவில், 'அவர் எழுதிய சொல் அம்மா. அவரைக் கேட்காமல் மாற்றியது ஆசிரியர் குழு. வருந்துகிறோம்' என்று போட்டோம். கடைசிப் பக்க மூலையில் பொடி எழுத்தில் போடலாம் என்று ஒருவர் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து அவர் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு திரிந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

வெளியிலிருந்து எழுத வருகிறவர் நம்மைவிட அதிகமாகப் பணயம் வைக்கிறார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அதிமுககாரர் கட்டுரையைப் போட்டதால் எனக்கு என்ன நஷ்டம்? இரண்டு தோழர்கள் முகம் சுளிப்பார்கள், அவ்வளவுதான். இடதுசாரி இதழில் எழுதியதால் அவருக்கு என்ன நேரும் என்பதை அவர் மட்டுமே அறிவார். இதற்கப்புறம் நாங்கள் போட்டுக்கொண்ட ஒவ்வொரு ஏற்பாடும் இந்த ஒரு புரிதலிலிருந்து வந்ததுதான்.

பெயர் போட்டு எழுதும் கட்டுரையில் தலைவர்களை எழுத்தாளர் எப்படி அழைக்கிறாரோ அது அப்படியே இருக்கும். அம்மா, கலைஞர், பெருந்தலைவர், கேப்டன், எதுவானாலும் சரி. தலையங்கம், செய்திக் குறிப்பு, பட விளக்கம் ஆகியவற்றில் எங்கள் வழக்கம். தலைப்பு விஷயத்தில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். உள்ளே நிதானமாக இருக்கும் கட்டுரைக்கு மேலே ஆசிரியர் குழு காரமான ஒரு தலைப்பை வைத்துவிடும். ஊரில் படிக்கப்படுவது தலைப்புத்தான். திட்டு வாங்குவது எழுதியவர். ஆகவே தலைப்பு, உள்தலைப்பு, கட்டம் கட்டி எடுத்துப் போடும் வரி எல்லாவற்றோடும் சேர்த்து, பக்கம் முழுவதையும் வடிவமைத்த பிறகு அவரிடம் காட்டுகிறோம். வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் அனுப்பினால் இளைஞர்கள் பார்த்துவிடுவார்கள். மேலூர்க்காரருக்கு அது சரிப்படாது. பிரிண்ட் எடுத்து ஒரு கவரில் போட்டு, மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் மேலூர் பஸ் கண்டக்டர் யாரிடமாவது கொடுத்துவிடுவோம். அடுத்த நடையில் பச்சை மையில் திருத்தங்களோடு கவர் திரும்பி வரும். எங்கள் இதழ் 48 பக்கம், பதினாறு பதினாறு பக்கமாகச் சேர்த்து அச்சேறும் பாரம் மூன்று. வெளியார் கட்டுரைகளைக் கடைசிப் பாரத்தில் வைத்தால் இதற்கு மூன்று நாள் கூடுதலாகக் கிடைக்கிறது. இதழ் நடத்துகிறவர்களுக்கு இந்தச் சின்ன ஏற்பாடு பெரிய நிம்மதி.

இதெல்லாம் எதற்கு, இடதுசாரி இதழ் இடதுசாரிகளின் எழுத்தைப் போட்டால் போதாதா என்று கேட்கிறவர்கள் உண்டு. மதுரையில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். 1952இல் கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தியைச் சிறையில் இருக்கும்போதே சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்த ஊர் இது. 1970இல் செம்மலர் என்ற இடதுசாரி இலக்கிய இதழ் தொடங்கியது இங்கே. நெருக்கடி நிலை வந்த கையோடு, 1975 ஜூலையில் முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் முதல் மாநாடு கூடியதும் இங்கே. இவ்வளவு பாரம்பரியம் இருக்கும்போது வெளியாருக்கு ஏன் இடம் என்று ஒரு வாசகர் கூட்டத்தில் ஒரு தோழர் எழுந்தே கேட்டார்: "நம்ம காசுல அவங்களுக்கு எதுக்குத் தோழர் மேடை?"

அதே பாரம்பரியத்திலிருந்துதான் நான் பதில் சொன்னேன். 1955இல் வ. விஜயபாஸ்கரன் தொடங்கிய சரஸ்வதி, பொதுவுடைமை இயக்கத்தோடு நெருக்கமானவர் நடத்திய இதழ். ஜெயகாந்தனும் சுந்தர ராமசாமியும் எழுதிய அதே இதழில், மார்க்சியத்தை ஏற்காத விமர்சகர் க.நா.சு.வும் எழுதினார். அதனால் சரஸ்வதியின் நிறம் மங்கிவிடவில்லை. இன்றைக்கும் நாம் பேசுகிற இதழாக அது இருப்பதற்கு அந்த விரிவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். அன்றைய கூட்டத்தில் என் பதிலைவிட, ஓய்வு பெற்ற ஒரு மில் தொழிலாளி சொன்னதுதான் எடுபட்டது. மில் வாசலில் தொடங்கி ஆரப்பாளையம் வரை நடந்தே இதழ் விற்கிற மனிதர். "விக்கிறவன் நான். மூணு கட்சிக்காரனும் கேட்டு வாங்குறான். வாங்குனவன் நம்ம தலையங்கத்தையும் சேத்துத்தான் வாங்குறான்" என்றார்.

மூன்றாம் பக்கத் தலையங்கம் எங்களுடையது. அதில் தயவு தாட்சண்யம் கிடையாது. நாங்கள் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது அங்கே தெளிவாக இருந்தால்தான் கடைசிப் பாரத்தில் இன்னொருவர் தைரியமாக மறுத்து எழுத முடியும். நடுநிலை என்று பெயர் சூட்டிக்கொண்டால் இரண்டு பக்கமும் சந்தேகம்தான் வரும்.

யாரிடம் கட்டுரை கேட்பது என்பதிலும் அடிபட்டுத்தான் கற்றோம். ஆரம்பத்தில் மாவட்ட அளவிலான தலைவர்களைத் தேடிப் போனோம். மேடைப் பேச்சைத் தட்டச்சு செய்து அனுப்பினார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் இருந்தவர், ஊராட்சித் துணைத் தலைவராக இருந்தவர், வாக்குச்சாவடி முகவராக உட்கார்ந்தவர், இவர்களிடம் போன பிறகுதான் எழுத்து வந்தது. தலைப்புக் கொடுக்காமல் கேள்வி கொடுத்தால் இன்னும் நல்லது. 'விவசாயமும் எங்கள் கட்சியும்' என்று கேட்டால் சாதனைப் பட்டியல் வரும். 'உங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் கடைசியாக எப்போது வந்தது, வராத வருடம் யாரைப் போய்ப் பார்த்தீர்கள்?' என்று கேட்டால் வாழ்க்கை வரும்.

மேலூர்க்காரர் எங்களுக்குச் செய்த பெரிய உதவி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தோழர் ஒருவர் பாசனம் பற்றி எழுதிய கட்டுரையில் 'மேலூர்ப் பகுதி ஒருபோகப் பாசனம் 1,05,002 ஏக்கர்' என்று இருந்தது. நம் ஆள் எழுதியது, அரசு அறிவிப்பிலிருந்து எடுத்த எண் என்பதால் யாரும் சரிபார்க்கவில்லை. இதழ் வந்ததும் மேலூர்க்காரர் போன் செய்தார். "தோழர், அதுல திருமங்கலம் கால்வாயும் சேந்திருக்கு. அது 19,439 ஏக்கர். பெரியாறு பிரதானக் கால்வாய் ஒருபோகம் 85,563தான். அதுலயும் பூராவும் மேலூர் இல்ல." அறிவிப்பை எடுத்துப் பார்த்தேன். இரண்டையும் கூட்டினால்தான் 1,05,002. தண்ணீர் திறக்கும் ஒவ்வொரு வருடமும் அந்த எண்களைப் படித்துப் படித்து அவருக்கு மனப்பாடம்.

வெளியார் கட்டுரையை வரிக்கு வரி சோதித்துவிட்டு, நம்மவர் கட்டுரையை அப்படியே அச்சுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். எங்கள் மேல் எனக்கே வருத்தமாக இருந்தது. அன்றிலிருந்து கட்டுரையில் எண், தேதி, ஆணை எது வந்தாலும் அதற்கான தாளை இணைத்துத்தான் தர வேண்டும். தோழருக்கும் அதே, மற்றவருக்கும் அதே. சோதிக்கிறவர் எழுதியவரின் அரசியலுக்கு எதிர்ப்பக்கம் சாய்கிறவராக இருந்தால் பிழை சீக்கிரம் அகப்படுகிறது. இப்போது எங்கள் பாசனக் கட்டுரைகளை அச்சுக்கு முன்பு மேலூர்க்காரர்தான் பார்க்கிறார்.

எங்களுக்கு வந்த பெரிய சோதனை, மேலூர் பக்கத்து அரிட்டாபட்டி பற்றிய சிறப்பிதழ். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. சுற்றிலும் மலைகள், குடைவரைக் கோயில், தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டு. 2024 நவம்பரில், அதைச் சுற்றிய பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் முடிந்தது என்று செய்தி வந்தபோது மேலூர் வட்டாரமே எழுந்தது. சுமார் 5,000 ஏக்கர் பகுதி. டிசம்பர் 9 அன்று சட்டமன்றத்தில் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேறியது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் நோக்கி ஆயிரக்கணக்கான மக்கள் புறப்பட்டார்கள். எல்லாக் கட்சிக்காரர்களும் அதில் இருந்தார்கள், எந்தக் கட்சியிலும் இல்லாதவர்கள் அதைவிட அதிகம்.

சிறப்பிதழுக்கு வெவ்வேறு கட்சிகளைச் சேர்ந்த ஆறு பேரிடம் கட்டுரை கேட்டோம். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து என்ற அறிவிப்பு வந்தது. அன்று இரவிலிருந்தே ஆறு பேரும் போன். எல்லாருக்கும் ஒரே வேண்டுகோள்: கடைசியில் ஒரு பத்தி சேர்க்க வேண்டும், ரத்தானது எங்கள் தலைவரின் முயற்சியால் என்று. இதில் எங்கள் தோழரும் சேர்த்தி.

இரண்டு நாள் தூங்கவில்லை. அப்புறம் ஆறு பேருக்கும் ஒரே செய்தி அனுப்பினேன். 'ஏழாம் தேதி காலை வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து இரவு திரும்பியது வரை நீங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். யாரால் வந்தது, யாரால் போனது என்பதற்குத் தனிப் பக்கம் இருக்கிறது.' அந்தத் தனிப் பக்கத்தில் வெறும் தேதிகள். டங்ஸ்டன் உள்ளிட்ட முக்கியக் கனிமங்களின் ஏலத்தை ஒன்றிய அரசின் கைக்குக் கொண்டுபோன 2023 சட்டத் திருத்தத்திலிருந்து ரத்து அறிவிப்பு வரை, நாள் வாரியாக. எந்த அரசுக்கும் எந்தக் கட்சிக்கும் ஓர் அடைமொழி கிடையாது. அந்தச் சட்டத் திருத்தம் தவறு என்ற எங்கள் கருத்து வழக்கம்போல மூன்றாம் பக்கத்தில்.

ஆறு கட்டுரைகளும் வந்தன. ஒருவர் நடந்து வந்தவர்களுக்கு வழியில் தண்ணீர் ஊற்றிய வீடுகளைப் பற்றி எழுதினார். இன்னொருவர், வருடக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாத தன் பங்காளியோடு ஒரே டிராக்டரில் உட்கார்ந்து வந்ததை எழுதினார். கட்சிக் கட்டுரை கேட்டிருந்தால் இது கிடைத்தே இருக்காது. அந்த இதழை இப்போதும் யாராவது கேட்டு வருகிறார்கள். அலுவலகப் பிரதி ஒன்றுதான் மிச்சம், அதைத் தருவதில்லை.

மனதை அரிக்கிற ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். ஒரு கட்சியின் இளைஞர் அணியில் பொறுப்பில் இருந்த தம்பி ஒருவர், தன் கட்சி உள்ளாட்சியில் இடம் ஒதுக்கும் விதத்தை விமர்சித்து எழுதினார். எழுத்து பிரமாதம். சந்தோஷமாகப் போட்டோம். அடுத்த மாதம் அவர் பொறுப்பு பறிபோனது. அவர் எங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அச்சுக்கு முன்பு நான் அவரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது: "இதனால் உங்கள் கட்சியில் உங்களுக்கு என்ன ஆகும் என்று யோசித்தீர்களா?" இப்போது எல்லாரிடமும் அதை நேரில் கேட்கிறோம். யோசிக்க ஒரு வாரம் தருகிறோம். பாரம் அச்சேறும் நிமிடம் வரை கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. அப்படி இரண்டு முறை நடந்து, கடைசி நேரத்தில் பக்கத்தை வேறு எழுத்தால் நிரப்பினோம். சிரமம்தான். அந்தத் தம்பியின் முகத்தை நினைத்தால் இது ஒன்றுமில்லை. தேவைப்பட்டால் புனைபெயரும் உண்டு, ஆனால் எழுதியவர் யார் என்று ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் போடுகிறோம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு மதத்தாரையோ சாதியாரையோ மொத்தமாகக் குற்றவாளி ஆக்கும் எழுத்துக்கு இடமில்லை. சாதிப் படுகொலை நடந்த மேலவளவும், தீண்டாமைச் சுவர் நின்ற உத்தப்புரமும் இருக்கிற மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு இதில் தாராளம் காட்ட முடியாது. அந்தக் காரணத்துக்காக ஒரு கட்டுரையைத் திருப்பியிருக்கிறோம். எதிர்க்கட்சிக்காரர் ஒருவரின் குடும்பத்தை இழுத்து எழுதிய எங்கள் தோழரின் கட்டுரையையும் அதே மாதத்தில் திருப்பினோம். இரண்டு பேருக்கும் காரணத்தைக் கடிதமாகவே எழுதினேன். வாய்ச்சொல்லாகச் சொன்னால் ஊரில் வேறு மாதிரி போய்ச் சேரும்.

அவதூறு வழக்குப் பற்றிப் புதிதாக வருகிறவர்கள் பலருக்குத் தெளிவில்லை. இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவு. எழுதியது உண்மை என்பது மட்டும் போதாது, அது பொது நன்மைக்காக என்பதையும் காட்ட வேண்டும். எழுதியவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் ஆசிரியர், வெளியிடுபவர் என்று இதழில் பெயர் இருக்கிறவர்களும் பதில் சொல்ல வேண்டிவரும். ஆகவே தாள்களைப் பத்திரமாக வையுங்கள். இதழ் பதிவு செய்வதும் மாறிவிட்டது. 1867ஆம் ஆண்டுச் சட்டம் போய், 2024 மார்ச் 1 முதல் புதிய சட்டம் நடப்பில் இருக்கிறது, விண்ணப்பம் எல்லாம் ஆன்லைனில். விவரம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தால் ஒரு மதிய வேளையில் விண்ணப்பத்தை முடித்துவிடலாம்.

பண விஷயம் சுருக்கமாக. சந்தாவும் சின்னக் கடை விளம்பரங்களும்தான் எங்களுக்குச் சோறு. தலைவர் பிறந்தநாள் வாழ்த்து விளம்பரம் எந்தக் கட்சியிடமும் வாங்குவதில்லை, நாங்கள் மதிக்கும் தலைவர்களுக்கும் கிடையாது. கதவைத் திறந்தபோது சில சந்தாக்கள் நின்றன. சிலர் திரும்பி வந்தார்கள், சிலர் வரவில்லை. வராதவர்களுக்கும் மே தின இதழை மட்டும் இலவசமாக அனுப்புகிறோம்.

போன மாதத் தலையங்கத்தில் கால்வாய்ப் பராமரிப்பைப் பற்றி நாங்கள் எழுதியதை மறுத்து மேலூர்க்காரர் எட்டுப் பக்கம் அனுப்பியிருக்கிறார். காரமாகத்தான் இருக்கிறது. 'அம்மா' நான்கு இடத்தில் வருகிறது. நான் அவருடைய இடத்தில் இருந்தால் இரண்டாம் பத்தியைச் சுருக்கியிருப்பேன், அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கவரில் வைத்திருக்கிறேன், ஏற்பதும் ஏற்காததும் அவர் இஷ்டம். கவர் இன்று காலை ஏழே முக்கால் பஸ்ஸில் போயிருக்கிறது. வியாழக்கிழமை கடைசிப் பாரம்.